தோற்ற பிறகும் அவைக்கு வந்தவர்: காயிதே மில்லத்தின் தேர்தல் வாழ்க்கை

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை வைத்திருக்கும் நம் தலைமுறையினர் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களை நேரில் பார்த்ததில்லை. நாம் பிறப்பதற்கு முன்பே அவர்கள் மறைந்துவிட்டார்கள். பெரியவர்கள் பேசக் கேட்டுத்தான் அந்தப் பெயர் நமக்குப் பழக்கம். பொன்விழா மலரில் அவர்களுடைய தேர்தல் வாழ்க்கையை மட்டும் சுருக்கமாகச் சொல்ல முற்படுகிறோம்.

1896 ஜூன் 5-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார்கள். ஒத்துழையாமை இயக்கத்தின்போது கல்லூரிப் படிப்பை விட்டார்கள். பிறகு சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார்கள். நம்மைப் போல வியாபாரத்திலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர்கள் என்பதில் நமக்குத் தனிப் பெருமை உண்டு.

1946 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாக முஸ்லிம் லீக் வந்தது. இஸ்மாயில் சாகிப் எதிர்க்கட்சித் தலைவரானார்கள். 1952 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்கள்.

அதற்குள் நாடு பிரிந்தது. இனி இந்தியாவில் லீக் எதற்கு, கலைத்துவிடலாம் என்று வெளியாரும் சொன்னார்கள், நம்மவர்களும் சொன்னார்கள். 1948 மார்ச் 10-ஆம் நாள் சென்னையில் கூடிய கூட்டம் கலைப்பதில்லை என்று முடிவு செய்தது. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அன்று உருவானது. அவர்களே தலைவர்.

அதே ஆண்டு அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானார்கள். முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி முறை நீடிக்க வேண்டும் என்று 1949 மே மாதம் வாதாடினார்கள். முஸ்லிம் உறுப்பினர்களிலேயே சிலர் அதை எதிர்த்தார்கள். வாக்கெடுப்பில் தோற்றார்கள். ஆனால் சபையை விட்டுப் போகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே அந்தத் தகுதி உண்டு என்று அதே சபையில் எடுத்துரைத்தார்கள்.

1952 முதல் 1958 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார்கள். 1962-இல் கேரளத்தின் மஞ்சேரி மக்களவைத் தொகுதியில் போட்டியிட்டு வென்றார்கள். 1967-இலும் 1971-இலும் அதே தொகுதி அவர்களையே தேர்ந்தெடுத்தது. மஞ்சேரி முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதி என்பது உண்மைதான். ஆனாலும் அது எல்லா மதத்தவரும் ஒரே பட்டியலில் வாக்களிக்கும் பொதுத்தொகுதி. எந்த முறை வேண்டாம் என்று 1949-இல் வாதாடினார்களோ, அந்த முறையிலேயே மூன்று முறை வென்றார்கள். அதுவும் மலையாள மண்ணில், ஒரு திருநெல்வேலித் தமிழர்.

மற்றவர்களோடு சேர்ந்து நிற்கும் வழியையும் அவர்கள் கற்றுத் தந்தார்கள். 1967-இல் தமிழகத்தில் தி.மு.க. அணியில் லீக் இருந்தது. காங்கிரஸ் ஆட்சி மாறியது. கேரளத்தில் அதே ஆண்டு கூட்டணி அமைச்சரவையில் லீக் இடம்பெற்று, சி.எச். முகம்மது கோயா கல்வி அமைச்சரானார். 1969-இல் மலப்புறம் மாவட்டம் பிறந்தது.

1972 ஏப்ரலில், மஞ்சேரி உறுப்பினராக இருக்கும்போதே, அவர்கள் வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தில் நம் தரப்பு தோற்றால் அடுத்த கூட்டத்திற்கே வராமல் இருந்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இதை எழுதும் நாமும் ஒரு முறை அப்படி ஓராண்டு ஒதுங்கி இருந்தவர்கள்தாம். அந்த ஓராண்டில் சங்கத்திற்கும் நன்மையில்லை, நமக்கும் நன்மையில்லை. பெரிய சபையிலே தோற்ற மனிதர் மறுபடியும் அதே சபைக்கு வந்து பேசினார் என்று தெரிந்த பிறகு நமக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளிலும் கருத்து வேறுபாடு வரத்தான் செய்யும். வரட்டும். ஆனால் தோற்றவரும் கூட்டத்திற்கு வரவேண்டும். அல்லாஹ் அன்னாரின் மண்ணறையைப் பிரகாசமாக்குவானாக, ஆமீன்.