ஏழு தந்தி வயலின்: மைசூர் சௌடையா

கருநாடக மாநிலத்தில் மைசூருக்கு வடக்கே மலைமீது அமைந்த ஊர் மேல்கோட்டை. இராமானுசர் பல ஆண்டுகள் தங்கியிருந்த தலம் அது. அங்குள்ள திருநாராயணர் கோயிலில் ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரங்கள் இன்றும் ஓதப்படுகின்றன. தமிழகத்திலிருந்து கன்னட நாட்டிற்குப் பாசுரங்கள் வந்தது போலவே, கன்னட நாட்டிலிருந்து தமிழகத்திற்கு இசை சென்றதும் உண்டு. அவ்வாறு இசையைக் கொண்டு சென்றவர்களுள் சிறந்தவர் வயலின் வித்துவான் மைசூர் சௌடையா.

காவிரியும் கபினியும் கூடும் இடத்தில் உள்ளது திருமகூடலு என்னும் சிற்றூர். அவ்வூரில் 1895ஆம் ஆண்டு சௌடையா பிறந்தார். ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன்னெழுத்தாகக் கொண்டார். பதினைந்து வயதளவில், 1910இல், மைசூரில் வாழ்ந்த பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் மாணவராகச் சேர்ந்தார்.

கிருஷ்ணப்பா புகழ்பெற்ற வாய்ப்பாட்டு வித்துவான். வயலின் பயில விரும்பியவர் பாடகர் ஒருவரிடம் சேர்ந்தது ஏன் என்று நமக்குத் தோன்றலாம். நம் இசையில் வயலினுக்குரிய முதற்கடமை, பாடுவோரின் குரலைப் பின்பற்றுவதாகும். பாடகர் எவ்விடத்தில் மூச்சு வாங்குவார், எந்தச் சொல்லை நீட்டுவார், எந்தச் சுரத்தில் நின்று இளைப்பாறுவார் என்பவற்றை அறிந்தவரே நல்ல பக்கவாத்தியக்காரர் ஆக இயலும். அந்த அறிவைச் சௌடையா தம் குருவின் குரலிலிருந்தே பெற்றார். குருகுல வாழ்க்கை எளிதன்று. குருவின் இல்லத்தில் தங்கி, அவருக்குப் பணிவிடை செய்து, பயின்ற பாடத்தையே மீண்டும் மீண்டும் பயில வேண்டும். பல ஆண்டுகள் அவ்வாறு பயின்ற பின்னர், குருவின் கச்சேரிகளில் அவருக்கே பக்கவாத்தியம் வாசிக்கும் தகுதியைச் சௌடையா அடைந்தார்.

அக்காலத்தில் ஒலிபெருக்கி பரவவில்லை. ஓங்கிய குரலில் பாடும் வித்துவான்கள் பலர் இருந்தனர். அருகில் மிருதங்கம் முழங்கும். நான்கு தந்திகளையுடைய வயலினின் ஒலி முன்வரிசையைத் தாண்டிச் செல்வதே அரிதாயிற்று. பின்வரிசையில் அமர்ந்தோருக்கு வில் அசைவது தெரியும், இசை கேளாது. எவ்வளவு திறமையாக வாசித்தாலும், கேட்போர் செவியை எட்டாத வாசிப்பினால் பயன் என்ன? இக்குறை சௌடையாவை வாட்டியது.

அவர் சோர்ந்துவிடவில்லை, கருவியையே ஆராயத் தொடங்கினார். இருந்த நான்கு தந்திகளோடு மேலும் மூன்று தந்திகளை இணையாகச் சேர்த்தார். ஒரே வில்லிழுப்பில் இணைத்தந்திகள் சேர்ந்து ஒலித்தன. நாதம் பெருகியது. 1927ஆம் ஆண்டளவில் இந்த ஏழு தந்தி வயலின் உருவாயிற்று. ஆனால் இதனை வாசிப்பது கடினம். ஒரு விரலால் இரண்டு தந்திகளையும் பிழையின்றி அழுத்த வேண்டும். ஒரு தந்தி சற்றே சுருதி பிசகினாலும் முழு ஒலியும் கெட்டுவிடும்.

புதுமையை அனைவரும் வரவேற்கவில்லை. நான்கு தந்தி வயலினின் தெளிவு இதில் இல்லை என்று கருதியோரும் இருந்தனர். சௌடையா அவர்களோடு வாதிடுவதைவிட, மேலும் பயின்று வாசித்துக் காட்டுவதையே விடையாகக் கொண்டார்.

தமிழகச் சபைகள் அவரை விரும்பி அழைத்தன. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், முசிரி சுப்பிரமணிய ஐயர், செம்மங்குடி சீனிவாச ஐயர் முதலிய பெரும்பாடகர்களுக்கு அவர் பக்கவாத்தியம் வாசித்தார். ஒவ்வொருவர் பாணியும் வெவ்வேறு. ஒவ்வொருவருக்கும் ஏற்பத் தம் வாசிப்பை அவர் அமைத்துக்கொண்டார். செம்பை வைத்தியநாத பாகவதரின் பாட்டு, சௌடையாவின் வயலின், பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம் ஆகிய மூன்றும் ஒரே மேடையில் சேர்ந்தால் இரசிகர்களுக்குப் பெருவிருந்து. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரைத் தமிழக இரசிகர்கள் தம்மவராகவே ஏற்றனர்.

சௌடையா பக்கவாத்தியத்தோடு நிற்கவில்லை. தனிக்கச்சேரிகள் செய்தார். திரிமகுட என்னும் முத்திரையுடன் கீர்த்தனைகள் இயற்றினார். 1943இல் வெளிவந்த வாணி என்னும் கன்னடத் திரைப்படத்தின் உருவாக்கத்திலும் பெரும்பங்கு கொண்டார். மைசூரில் அய்யனார் இசைக் கல்லூரியை நிறுவி, தாம் பெற்ற கல்வியைப் பிறர்க்கும் வழங்கினார். வி. சேதுராமையா, தமிழகத்தின் கண்டதேவி அழகிரிசாமி ஆகியோர் அவருடைய மாணவர்கள்.

1939இல் மைசூர் அரசவையின் ஆஸ்தான வித்துவான் ஆனார். 1957இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை அளித்தது. மேடையின் நடுவில் அமரும் பாடகரே பெருமைக்குரியவர் என்று பலர் கருதிய காலத்தில், அவருக்கு அருகே அமர்ந்து வாசித்தவரைத் தேடி அப்பெருமை வந்தது.

1967ஆம் ஆண்டு சனவரியில் சௌடையா மறைந்தார். அவருடைய நினைவாகப் பெங்களூரில் 1980இல் ஒரு மண்டபம் கட்டப்பட்டது. அதன் வடிவமே வயலின்தான். அக்கட்டடத்தின்மீது ஏழு தந்திகளைக் காணலாம். பின்வரிசையில் இருப்போருக்கும் இசை கேட்க வேண்டும் என்று எண்ணியவரின் பெயரால் அமைந்த மண்டபத்தில் இன்றும் இசை ஒலிக்கின்றது.

சிந்தித்து விடை தருக

1. வயலின் கற்க விரும்பிய சௌடையாவுக்கு வாய்ப்பாட்டு வித்துவானின் பயிற்சி எவ்வாறு உதவியது?
2. ஏழு தந்தி வயலின் எக்குறையைப் போக்கியது? அதனால் எழுந்த புதிய இடர் யாது?
3. பிறந்த ஊரைவிட்டு வேற்றுமொழி பேசும் ஊரில் மதிப்புப் பெற்ற ஒருவரைப் பற்றி உம் இல்லத்துப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகள் எழுதுக.