மடங்காத முழங்கால்

இல்ல விளையாட்டுப் போட்டிகளை நினைக்கும்போது வென்றவர்களின் பெயர்களே முதலில் வாயில் வருகின்றன. கணுக்காலில் கட்டுடன் இல்லக் கூடாரத்துள் இருந்து கைதட்டியவர்களும் எம்மிடையே இருந்தனர். அவர்களை எண்ணியே இம்மலரில் பெற்றி றொபின்சனைப் பற்றி எழுத விரும்பினோம்.

பெற்றி 1911 இல் அமெரிக்காவில், சிக்காகோவுக்குத் தெற்கேயுள்ள றிவர்டேல் என்ற சிற்றூரிற் பிறந்தவர். ரயிலைப் பிடிக்க அவர் ஓடியதைக் கண்ட உயிரியல் ஆசிரியர் ஒருவர் அவரைப் பயிற்சிக்கு அழைத்தார். சில மாதங்களுக்குள், 16 வயதுப் பாடசாலை மாணவியாகவே, 1928 இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 12.2 செக்கனில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் ஓட்டப் போட்டிகளில் பெண்கள் சேர்க்கப்பட்ட முதல் ஆண்டு அது.

பின்னர் நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழக மாணவியானார். 1932 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கே அவரது அடுத்த இலக்கு. 1931 ஜூனில் ஒருநாள், வெக்கை தாங்காமல், உறவினர் ஒருவரின் சிறு விமானத்தில் ஏறினார். நீந்தப் போயிருக்கலாம், தசைகளுக்கு ஆகாதென்று பயிற்றுநர் தடுத்திருந்தாராம். விமானம் விழுந்தது. பெற்றி இறந்துவிட்டார் என்றே முதலில் எண்ணினார்கள் என்பர்.

உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. முறிந்த எலும்பை உலோகம் வைத்துப் பொருத்தினார்கள். மாதக்கணக்கிற் சக்கர நாற்காலி, பிறகு ஊன்றுகோல். இயல்பாக நடக்கவே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. லொஸ் ஏஞ்சல்ஸ் போட்டி அவர் இல்லாமலே நடந்து முடிந்தது. ஒரு கால் சற்றுக் குட்டையாயிற்று. முழங்கால் முழுதாக மடங்க மறுத்தது.

ஓடியவர்களுக்கு இதன் பொருள் புரியும். குறுந்தூர ஓட்டத்தில் குந்தியிருந்தே புறப்பட வேண்டும். அந்நாளில் ஓட்டக்காரர் தரையிற் சிறு குழி தோண்டி, அதிற் கால் ஊன்றிக் குனிவார்கள். பெற்றியால் குனிய முடியவில்லை. தாம் உலகை வென்ற அதே 100 மீற்றர் இனி அவருக்கு இல்லை. நமக்கென்றால் அந்த இடத்திலேயே சப்பாத்தைக் கழற்றியிருப்போம்.

அஞ்சல் ஓட்டத்தில் முதலாமவர் மட்டுமே குந்தியிருந்து தொடங்குகிறார். மற்ற மூவரும் நின்றபடியே கோலை வாங்கி ஓடலாம். பெற்றி அந்த இடத்துக்குப் பயிற்சி செய்தார். 1936 இல் பேர்லினுக்குச் சென்ற அமெரிக்கக் குழுவில் மூன்றாவது ஓட்டக்காரர் அவரே. அவரிடமிருந்து கோலை வாங்கியவர் ஹெலன் ஸ்ரீவன்ஸ். அவ்வாண்டு 100 மீற்றர் தங்கம் அவருடையது.

இறுதிப் போட்டியில் ஜேர்மனியப் பெண்கள் நன்றாக முந்தியிருந்தார்கள். கடைசிக் கைமாற்றத்தில் அவர்களது கோல் கீழே விழுந்தது. அதிர்ஷ்டம் அமெரிக்கர் பக்கம் இருந்ததை மறைப்பதற்கில்லை. ஆனாலும் பெற்றியின் கையிலிருந்த கோல் தவறாமல் ஸ்ரீவன்ஸிடம் சேர்ந்தது, 46.9 செக்கனில் தங்கம் கிடைத்தது. முதற் பதக்கத்துக்கும் இதற்கும் இடையே எட்டு ஆண்டுகள்.

அத்துடன் போட்டி ஓட்டத்தை விட்டார். பிற்காலத்தில் நேரக் கணிப்பாளராகவும் மைதானங்களுக்குச் சென்றார். 1996 இல், 84 வயதில், அற்லாண்டா ஒலிம்பிக்குக்கான தீபத்தைத் தம் பங்குத் தூரத்துக்கு ஏந்திச் சென்றார். 1999 மே மாதத்தில் காலமானார்.