நோய் போச்சு, அடையாளம் போகலையே! வேலூரில் விடை தேடிய டாக்டர் பால் பிராண்ட்

உடல் எடையை 40, 50 கிலோ குறைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கும், மூட்டு வலி குறைந்திருக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது. ஆனா கண்ணாடி முன்னாடி நின்றால் வேறொரு பிரச்சினை. வயிற்றிலும் மேல்கையிலும் தொடையிலும் தோல் தொங்கும். மடிப்புக்குள் வியர்வை தேங்கி அரிக்கும், சிலருக்குப் புண்ணாகும். காரைக்குடி வெயிலில் கேட்கவே வேணாம். அதான் இளைச்சாச்சே, இன்னும் என்ன குறை என்று சொந்தக்காரர்கள் வேறு கேட்பார்கள்.

இப்படி மிச்சமாகும் தோலை வெட்டி எடுத்து உடலைச் சீராக்கும் அறுவை சிகிச்சைக்கு பாடி கான்டூரிங் என்று பெயர். இது அழகுக்கா, அவசியத்துக்கா? நோய் குணமான பிறகும் உடம்பில் தங்கிவிடும் மாற்றத்தைச் சரிசெய்வது மருத்துவத்தின் வேலைதானா?

கேள்வி புதுசு இல்லை. 1940களின் கடைசியில், தமிழ்நாட்டில், தொழுநோயை முன்வைத்து இதே கேள்வி எழுந்தது. ஆமாம், அதுவும் மருத்துவத்தின் வேலைதான் என்று செய்துகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட்.

கொல்லிமலைப் பிள்ளை

1914 ஜூலை 17 அன்று பால் பிராண்ட் பிறந்தார். பெற்றோர் ஜெஸ்ஸியும் ஈவ்லினும் ஆங்கிலேய மிஷனரிகள். இருவரும் கொல்லிமலை மக்களிடையே வேலை செய்தார்கள். சாலை வசதியில்லாத, மலேரியா வாட்டிய அந்த மலையில்தான் பாலின் சிறுவயது கழிந்தது. 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929இல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா ஈவ்லின் முதுமையிலும் மலைகளை விடவில்லை. 1974இல், 90 வயதைத் தாண்டிய பிறகே அவர் காலமானார்.

பிள்ளைக்கு முதலில் டாக்டராகும் ஆசையே இல்லை. பள்ளி முடித்ததும் கட்டுமானத் தொழில் கற்கப் போனார். தச்சு வேலை, கொத்து வேலை என்று சில வருடங்கள் ஓடின. பிற்பாடுதான் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப்போரில் லண்டன் மீது குண்டு விழுந்த காலம் அது. காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தே அறுவை சிகிச்சையில் கை தேர்ந்தார். உடன் படித்த மார்கரெட் பெரியை 1943இல் மணந்தார்.

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அழைத்தவர் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன்.

ஒரு கை, ஒரு பிடி

1947இல் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. மடங்கி, நகம் போல வளைந்துபோன விரல்களோடு ஏராளமானவர்களை பிராண்ட் பார்த்தார். இந்தக் கைகளுக்கு எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். யாரும் எதுவும் செய்ததில்லை என்பதுதான் பதில்.

ஒருவரிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். செத்துப்போன கை, என்ன பலம் இருக்கப்போகுது என்று நினைத்திருந்தார். பிடித்த பிடியில் வலி தாங்கவில்லை. அப்போ, இந்தக் கையில் நல்ல தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன!

விஷயம் இதுதான். தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ச்சியான பகுதிகள் பிடிக்கும். முழங்கை, மணிக்கட்டு அருகே தோலை ஒட்டி ஓடும் நரம்புகளை அது தாக்கும். அந்த நரம்புகளை நம்பியிருக்கும் உள்ளங்கைச் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கிவிடும். முன்கையின் பெரிய தசைகள் பலவற்றுக்குப் பாதிப்பு இருக்காது.

பிராண்ட் கையாண்ட வழி தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை. நல்ல நிலையில் உள்ள ஒரு தசையின் நாணைப் பிரித்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி வேறு இடத்தில் தைத்துவிடுவது. ஒரு லைன் போய்விட்டால் பக்கத்து லைனிலிருந்து ஒயர் இழுப்பது மாதிரி. போலியோ பாதித்தவர்களுக்கு இதை ஏற்கெனவே செய்துவந்தார்கள். தொழுநோய் பாதித்த உடம்பில் மட்டும் யாரும் கத்தி வைக்கத் துணியவில்லை. அந்தச் சதையில் புண் ஆறாது என்பது அன்றைய நம்பிக்கை. 1948 வாக்கில் வேலூரில் இந்த அறுவை சிகிச்சைகள் தொடங்கின. புண்கள் ஆறின, விரல்கள் நிமிர்ந்தன.

விரல்கள் எங்கே போயின?

தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று ஊரே நம்பியது. பிராண்டும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். பூட்டில் இறுகிய சாவியை ஒரு பையன் சர்வசாதாரணமாகத் திருப்பினான். பார்த்தால், விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. இரவோடு இரவாகச் சிலரின் விரல்களில் சதை காணாமல் போனது. காவல் இருந்து பார்த்ததில் எலி கடித்தது தெரிந்தது. அதன்பிறகு வீடு திரும்புகிறவர்கள் கையோடு ஒரு பூனையையும் கொண்டுபோனார்கள்.

அதாவது, நோய் விரலைத் தின்னவில்லை. நோய் வலியைப் பறித்தது. வலி இல்லாததால் சூடும் வெட்டும் கொப்புளமும் கவனிக்கப்படாமல் போயின. அதில் தொற்று ஏறி எலும்பு கரைந்தது. வலி என்பது உடம்பின் காவல்காரன் என்ற கருத்தை பிராண்ட் தன் வாழ்நாள் முழுக்க எழுதியும் பேசியும் வந்தார். எழுத்தாளர் பிலிப் யான்சியோடு சேர்ந்து இதுபற்றிப் புத்தகமும் எழுதினார்.

தொங்கிய தோல்

கை சரியானால் போதுமா? முகம் காட்டிக்கொடுத்தது. சல்போன் வகை மருந்துகள் வந்த பிறகு கிருமியைக் கட்டுப்படுத்த முடிந்தது. ஆனா விழுந்த புருவம் திரும்ப முளைக்காது, அமுங்கிய மூக்கு நிமிராது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார ஆள் வராது, வேலை கிடைக்காது. மருத்துவக் குறிப்பில் அவர் குணமானவர், ஊர் கண்ணுக்கு அவர் இன்னும் நோயாளி.

வேலூரில் உச்சந்தலைத் தோலை ரத்தக் குழாயோடு நகர்த்திப் புதுப் புருவம் வைத்தார்கள். தலைமுடி என்பதால் அது நீண்டு வளரும், அவ்வப்போது வெட்ட வேண்டும். புருவம் திரும்பிய மகிழ்ச்சியில் வெட்டாமலேயே வளர்த்தவர்களும் உண்டு. மூக்கின் உள்பக்கத்தில் தோல் ஒட்டுப்போட்டு அதை நிமிர்த்தினார்கள். கண் மருத்துவரான மார்கரெட், இமைக்க முடியாத கண்களைப் பார்வை இழப்பிலிருந்து காப்பாற்றும் வேலையில் இறங்கினார்.

எடை குறைத்தவர்களின் பிரச்சினையோடு இங்கேதான் நேரடித் தொடர்பு. தொழுநோயின் ஒரு வகையில் முகத்தோலும் காதுமடலும் தடித்து வீங்கும். மருந்தில் வீக்கம் வடியும், ஆனா இழுபட்ட தோல் பழைய அளவுக்குச் சுருங்காது. இளம் வயதிலேயே முகம் முதியவர் முகம் போலத் தொங்கும். மிச்சத் தோலை வெட்டி இழுத்துத் தைப்பது, காதுமடலைச் சிறிதாக்குவது, ஆண்களுக்குப் பெருத்த மார்பைக் குறைப்பது எல்லாம் தொழுநோய் மறுசீரமைப்புச் சிகிச்சைகளின் பட்டியலில் இடம்பிடித்தன. பம்பாயில் டாக்டர் நோஷிர் ஆன்டியாவும் தொழுநோய் பாதித்த முகங்களைச் சீரமைப்பதில் முன்னணியில் இருந்தார்.

அதிக எடையிலும் நடப்பது இதுவே. வருடக்கணக்கில் விரிந்திருந்த தோலில் நெகிழ்வு தரும் இழைகள் சேதமாகியிருக்கும். தொளதொளத்துப் போன எலாஸ்டிக் மாதிரி. ஜிம்முக்குப் போனால் தசை ஏறும், அந்தத் தோல் பெரிதாகச் சுருங்காது. கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்ஷன் மட்டும் செய்தாலும் பலனில்லை. மிச்சம் இருப்பது தோல்.

பிச்சைக்கும் உதவாத கை

பிராண்ட் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. கை நிமிர்ந்து வீட்டுக்குப் போன சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். மடங்கிய கையைப் பார்த்து இரக்கப்பட்டுக் காசு போட்டவர்கள், இப்போ போடுவதில்லை. கையில் தழும்பு இருப்பதால் வேலையும் யாரும் தருவதில்லை. அறுவை சிகிச்சை வெற்றி, சாப்பாட்டுக்கு வழி இல்லை.

வேலூரில் நவஜீவ நிலையம் உருவானது இதற்குத்தான். அங்கே தங்கியவர்கள் சீரான கையைக் காயப்படாமல் பயன்படுத்தப் பழகினார்கள். தச்சு வேலை கற்றார்கள், மரப் பொம்மைகள் செய்தார்கள். லண்டனில் பிராண்ட் வீணடித்ததாக நினைத்த தச்சு வருடங்கள் இங்கே கைகொடுத்தன. உணர்வில்லாத கால்களுக்கு மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புகளும் தயாராயின. 1950களில் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையமும் வந்தது.

1952இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் ஹண்டேரியன் சொற்பொழிவு, 1960இல் லாஸ்கர் விருது, 1961இல் பிரிட்டனின் சிபிஇ பட்டம் என்று அங்கீகாரம் தேடி வந்தது. 1966இல் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே, சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணும் இதே கதைதான் என்று கண்டார். வலி தெரியாத கால், கவனிக்காத காயம். காலின் வடிவத்துக்கேற்பக் கச்சிதமாக மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பரப்பும் முறையை அவர் அங்கே பரப்பினார். எத்தனையோ கால்கள் வெட்டப்படாமல் தப்பின. 2003 ஜூலை 8 அன்று சியாட்டிலில் காலமானார்.

இன்றைக்கு இதில் நமக்கு என்ன?

காரைக்குடியில் ரயில் ஏறி சிவகங்கையைத் தாண்டினால் மானாமதுரை. அங்கே தயாபுரத்தில் லெப்ரசி மிஷனின் மருத்துவமனை இருக்கிறது. அந்த மிஷனின் சர்வதேசத் தலைவராகவும் பிராண்ட் இருந்தவர். இந்தியாவின் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை இலவசம், செய்துகொள்பவருக்கு உதவித்தொகையும் உண்டு. குணமான பிறகு செய்யும் அறுவை சிகிச்சையும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

எடை குறைந்த பிறகு தோல் தொங்குபவர்களுக்கு நிலைமை அப்படி இல்லை. இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளின் பொதுவான விதிப்படி, அழகுக்கான சிகிச்சைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு விலக்கு உண்டு. நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்க இது அவசியம் என்று மருத்துவர் சான்று அளித்தாலும் விலக்கு உண்டு. எனவே மடிப்பில் திரும்பத் திரும்ப வரும் தொற்று, நடக்கச் சிரமம் போன்றவற்றை ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் காட்டி, சீட்டில் பதிவாக்கி வைப்பது முக்கியம்.

என்னென்ன வாய்ப்புகள்?

- தொங்கும் அடிவயிற்றுத் தோலை மட்டும் அகற்றும் பேனிகுலெக்டமி. இது பெரும்பாலும் தொற்று, நடமாட்டச் சிரமத்துக்காகச் செய்யப்படுவது.
- தோலோடு வயிற்றுச் சுவர் தசையையும் இறுக்கும் அப்டாமினோபிளாஸ்டி.
- இடுப்பைச் சுற்றி முழுவதுமாகச் செய்யும் லோயர் பாடி லிஃப்ட்.
- மேல்கை, தொடை, மார்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி அறுவை சிகிச்சைகள். பெரும்பாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யமாட்டார்கள்.

எப்போது செய்யலாம்? எடை சில மாதங்களாவது நிலையாக இருக்க வேண்டும். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்கள் வழக்கமாக 12 முதல் 18 மாதங்கள் காத்திருப்பார்கள். சிகரெட்டை விட வேண்டும், புரதமும் ரத்தத்தில் இரும்பும் போதிய அளவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புண் ஆற இழுத்தடிக்கும்.

ஆபத்து உண்டா? உண்டு. நீர் கோத்தல், தையல் பிரிதல், தொற்று, காலில் ரத்தக்கட்டு ஆகியவை வரலாம். தொங்கும் தோல் போகும், பதிலுக்கு நீண்ட தழும்பு நிரந்தரமாக வரும். தையலைச் சுற்றி உணர்ச்சி மரத்துப்போகலாம். அந்த இடத்தில் சூடு பட்டாலும் சட்டென்று தெரியாது. எனவே வெந்நீர்ப்பை ஒத்தடம் கொடுக்கும்போது கவனம் தேவை.

முடிவெடுக்கும் முன் நவஜீவ நிலையத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். கை நிமிர்ந்த பிறகு அந்தக் கையால் என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வி அங்கே இருந்தது. நடக்கணுமா, புண் இல்லாமல் இருக்கணுமா, விரும்பிய உடை போடணுமா? எந்தக் காரணமும் தப்பில்லை. அதைத் தெளிவாகச் சொன்னால்தான், எந்த அறுவை சிகிச்சை தேவை, எது தேவையே இல்லை என்று பிளாஸ்டிக் சர்ஜனால் சொல்ல முடியும்.