எலும்பை வளர வைத்தவர்

காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், சதைக்குள் நுழைந்து மறுபக்கம் வரும் மெல்லிய கம்பிகள். இப்படி ஒருவர் மருத்துவமனை வராந்தாவில் நடப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்களா? அந்தக் கருவிக்கு அதை உருவாக்கிய மருத்துவர் இலிசரோவின் பெயர்தான்.

கவ்ரீல் இலிசரோவ் 1921-இல் பிறந்தார். அசர்பைஜானில் ஏழ்மையில் வளர்ந்தார். 1944-இல் மருத்துவப் படிப்பு முடிந்ததும் மேற்கு சைபீரியாவின் குர்கான் பகுதியில் ஒரு கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். போரில் கால் நொறுங்கி, எலும்பு ஒட்டாமல் தவித்தவர்கள் ஏராளம். மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைப்பதுதான் வழக்கம். முறிந்த எலும்பை வெளியிலிருந்தே இறுக்கிப் பிடிக்கும் வளையக் கருவியை 1950-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கினார்.

ஒரு நோயாளி கருவியின் திருகைத் தவறான பக்கம் திருப்ப, எலும்பு நெருங்காமல் விலகியதாம். இடைவெளியில் புது எலும்பு வளர்ந்திருந்ததாம். இப்படி ஒரு கதை சொல்வார்கள். ஆனால் அதை முறையாக்க அவருக்குப் பல வருட ஆராய்ச்சி தேவைப்பட்டது.

எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்பதுதான் அதில் முக்கியம். எலும்பின் நடுப்பகுதியைவிட, ரத்த ஓட்டம் அதிகமுள்ள முனைப் பக்கமே நல்லது. முதலில் வளையங்களை மாட்டிவிட வேண்டும். பிறகு சிறிய உளியால் கெட்டியான வெளிச்சுவரை மட்டும் வெட்ட வேண்டும். உள்ளே மஜ்ஜையும் மேலே எலும்பின் உறையும் கூடியவரை சேதமாகக் கூடாது. சில நாள் பொறுத்து, தினம் ஒரு மில்லிமீட்டர் விலக்க வேண்டும். அதையும் நான்கு தவணையாக, கால் கால் மில்லிமீட்டராக! வேகமாக இழுத்தால் எலும்பு உருவாகாது. மெதுவாக இழுத்தால் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். ஐந்து சென்டிமீட்டருக்கு ஐம்பது நாள், அது இறுக இன்னும் பல மாதம். கோணல் காலென்றால் எக்ஸ்-ரேயில் கோடு போட்டு, வளைவு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே உளியை எடுப்பார்கள்.

மாஸ்கோவின் பெரிய மருத்துவர்கள் இந்தக் கிராமத்து டாக்டரை வெகுகாலம் மதிக்கவில்லை. 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புரூமெல், மறுவருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகும் குணமாகாமல் குர்கானுக்கு வந்தார். மறுபடி தாண்டும் அளவுக்குத் தேறினார். அதன்பின் நாடே இலிசரோவை அறிந்தது. 1980-இல் இத்தாலிய மலையேற்ற வீரர் கார்லோ மௌரியின் பழைய கால் முறிவையும் சரிசெய்தார். அடுத்த வருடம் இத்தாலி மருத்துவர்கள் அவரை அழைத்துப் பேச வைத்தார்கள். முறை மேற்குலகுக்குப் போனது அப்படித்தான்.

1992-இல் காலமாகும்வரை குர்கானை விட்டுப் போகவில்லை. அங்குள்ள எலும்பு மருத்துவ மையம் அவர் பெயரில் இயங்குகிறது.