மலைநாட்டுப் பாவலர் மீனாட்சியம்மாள்

பெண்பாற் புலவரை எண்ணப் புகுவோர் ஔவையார், காக்கைபாடினியார், ஆண்டாள் எனத் தொடங்கி நெடுந்தூரம் செல்வர். ஆயினும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்கெனப் பாடிய ஒரு பெண்மணியின் பெயர் அவ்வெண்ணிக்கையில் இடம்பெறுவது அரிது. பதுளையிலே ஆண்டு பலவாகத் தமிழ் கற்பிக்கும் யான், லயங்களிலிருந்து வரும் என் மாணாக்கர்க்கு முதலிற் கூற விரும்புவது அப்பெயரையே. அவரே மீனாட்சியம்மாள்.

தஞ்சையிலிருந்து வந்து, 1920ஆம் ஆண்டளவில் இலங்கையில் நிலைகொண்ட கோ. நடேசய்யரின் வாழ்க்கைத் துணைவியார் இவர். கணவரின் புகழ் நிழலில் மறைந்து வாழும் மனைவியர் பலர். அம்மையாரோ அவருடன் ஒத்த தோளராய் உழைத்தவர். நடேசய்யர் ‘தேசபக்தன்’ இதழை நடத்தியபோது, அதன் பணியில் அம்மையாரும் பங்கேற்றார்; பெண்கள் நலம் பற்றி எழுதினார். பெண்டிர்க்கு வாக்குரிமை வேண்டுமென அவர் எழுதிய காலம், இந்நாட்டில் அக்கேள்வி சூடு பிடித்திருந்த காலமாகும். டொனமூர்க் குழுவினர் 1928இல் முப்பது வயது கடந்த பெண்களுக்கே வாக்களிக்கலாமெனப் பரிந்துரைத்தனர். 1931இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் அவ்வுரிமை கிட்டிற்று. தோட்ட மக்களும், சில கட்டுப்பாடுகளோடு, அதனைப் பெற்றனர்.

அதே 1931இல் நடேசய்யர் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அக்காலத்திலே துரைமாரின் இசைவின்றி அயலார் தோட்டத்தினுள் நுழைதல் குற்றம். பேசுவோர் நுழைய இயலாத இடத்திற் பாட்டு நுழையும் என்பதை அம்மையார் உணர்ந்தார். எழுத்தறியாத மக்களுக்குக் கட்டுரை என் செய்யும்? தெம்மாங்கும் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்த செவிக்குப் பாடலே ஏற்ற வாகனமன்றோ! எனவே அவர் மக்கள் அறிந்த மெட்டுகளிலே எளிய சொற்களைப் பெய்து பாடல் புனைந்தார். கூட்டங்களில் தாமே பாடினார். கூட்டத்திற் கேட்டது மறுநாட் காலை பெரட்டுக் களத்திலும், பின்னர்க் கொழுந்து மலையிலும் முணுமுணுக்கப்படும். ஒருமுறை காதில் விழுந்த பாட்டைத் தடுக்க எந்தக் கங்காணியால் இயலும்?

அப்பாடல்கள் நூலுருப் பெற்றது 1940இல். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்பது அதன் பெயர். ஆண்டினை நோக்குக. 1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலி பெற்ற இந்தியரை வேலைநீக்கும் திட்டம் வந்தது. இந்தியாவும் மறுமொழியாகத் தொழிலாளர் இங்கு வருவதைத் தடை செய்தது. 1940 தொடக்கத்தில் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். அவ்வாண்டே எம் ஊவாவிலும் வெவெசைத் தோட்டத்தார் வேலைநிறுத்தம் செய்தனர். இத்தகைய கொந்தளிப்பின் நடுவே வெளிவந்த சிறு நூல் அது. புலமை காட்டும் சொல்லடுக்கு அதில் இல்லை. துயருற்றோரின் நிலையை அவர்தம் மொழியிலேயே அவர்க்கு எடுத்துரைத்தமையே அதன் சிறப்பு.

பெண்ணொருத்தி இதனைப் பாடியதற்குத் தனிப் பொருளுண்டு. 1929ஆம் ஆண்டளவில் விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலியின்படி, உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். கூடை சுமந்து கொழுந்தெடுக்கும் கையே தேயிலைக்கு முதலாக நிற்க, அக்கைக்குக் கூலி குறைவு! அவ்விடத்து ஒரு பெண் மேடையேறிப் பாடுதலே கேட்போர்க்கு ஒரு பாடமாயிற்று.

1947இல் நடேசய்யர் மறைந்தார். மறு ஆண்டிலே வந்த குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. அம்மையார் எழுதிக் கேட்ட உரிமை, கிட்டிய இருபது ஆண்டுக்குள்ளே கைநழுவியது. எஞ்சியோர்க்கும் வழி திறந்த சட்டம் 2003இற்றான் வந்தது. சாரல் நாடன் 1988இல் நடேசய்யர் வரலாற்றை நூலாக்கியபோது, அம்மையாரின் தொண்டும் புதிய தலைமுறைக்குத் தெரியலாயிற்று.

காப்பியம் பாடியோர்க்கே புலவர் பட்டம் என்பது நம் பழவழக்கு. மக்கள் துயரைப் பாடி, அம்மக்கள் வாயிலேயே தம் பாட்டை விட்டுச் சென்றவர்க்கும் அப்பட்டம் உரித்தென்பது என் துணிபு. மூதாட்டியர் நாவில் அவர் பாட்டின் அடி ஏதேனும் எஞ்சியிருப்பின், பள்ளிப் பிள்ளைகள் அதனைக் கேட்டெழுதி வைப்பாராக.