மடைப்பள்ளியில் கருத்த மேகம்

தமிழில் விடுகதைக்குப் பழைய பெயர் பிசி. தொல்காப்பியத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஒருவர் புதிர் போடுவார், இன்னொருவர் அவிழ்ப்பார், சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். எங்கள் பைராம் தோட்டத்துப் பாட்டிமார்களுக்கும் இது கைவந்த கலை. இதே விளையாட்டை உயிரைப் பணயம் வைத்து ஆடியவராகச் சொல்லப்படுபவர் காளமேகப் புலவர்.

15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். இயற்பெயர் வரதன் என்பார்கள். திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் சமையல் வேலை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, அதே தீவில்தான் திருவானைக்கா சிவன் கோயிலும் இருக்கிறது. அங்கே நடனமாடிய மோகனாங்கியை அவர் விரும்பினார். வைணவரான அவர் சைவரானது அவளுக்காகத்தான் என்கிறது வழிவழியாக வரும் கதை. அகிலாண்டேசுவரி அவர் வாயில் தாம்பூலத்தை உமிழ்ந்தாள், அதன்பின் பாட்டு மழையாகக் கொட்டியது, அதனால் காளமேகம் என்ற பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். தாம்பூலக் கதையை நம்புவது உங்கள் விருப்பம். அவர் சமையற்காரர் என்பதை நான் நம்புகிறேன். எள், எலுமிச்சை, வாழைப்பழம், தேங்காய் என்று அடுப்படிப் பொருள்களாகவே அவர் பாட்டில் வந்து விழுகின்றன.

ஒரே பாட்டு இரண்டு பொருளுக்குப் பொருந்தினால் அது சிலேடை. வைக்கோலையும் யானையையும் சேர்த்து அவர் பாடிய வெண்பா ஒன்று உண்டு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? மூன்று சொற்களில் முடிச்சு இருக்கிறது. களம் என்றால் நெல்லடிக்கும் இடம், போர்க்களமும் அதுதான். போர் என்றால் சண்டை, வைக்கோலை அடுக்கி வைப்பதும் போர். கோட்டை என்றால் அரசன் கோட்டை, நெல்லை வைக்கோலால் சுற்றிக் கட்டும் கட்டும் கோட்டைதான். செம்பனை மட்டுமே பார்த்து வளர்ந்த நமக்கு வைக்கோற்போர் எங்கே தெரியும்? பொருள் கண்ணிலிருந்து மறைந்தால் புதிரும் அவிழாமல் போய்விடுகிறது.

அவர் வாழ்க்கையில் நான் மிகவும் ரசிப்பது நாகப்பட்டினத்து நிகழ்ச்சி. நம் தாத்தாக்கள் ராஜூலா கப்பல் ஏறிய அதே நாகைதான். காத்தான் என்பவரின் சத்திரத்தில் பசியோடு காத்திருந்தார் காளமேகம். சாப்பாடு வந்தபாடில்லை. கோபத்தில் ஒரு பாட்டு. பொழுது சாயும்போதுதான் அரிசி வரும், அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் உறங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்பது அதன் கருத்து. அவர் பாடினால் ஊரெல்லாம் பரவும். சத்திரத்தின் பெயரே கெட்டுப்போகும் என்று பதறிய காத்தான் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டாராம். காளமேகம் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னார். நாட்டில் அரிசியே அற்றுப்போகும் பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வரும், உலை வைத்தால் ஊரின் பசி அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மையைக் கண்டு வெள்ளி நட்சத்திரமும் நாணி எழும். வசை வாழ்த்தாகிவிட்டது!

பிறகு திருமலைராயன்பட்டினம். இன்றைய காரைக்கால் பகுதியில் உள்ள ஊர். அங்கே திருமலைராயன் அவையில் அதிமதுரக் கவிராயரும் அவரைச் சார்ந்த 64 புலவர்களும் இருந்தார்கள். புதிதாக வந்தவருக்கு உட்கார இடம்கூடத் தரவில்லை. போட்டி யமகண்டம் வரை போனது. கீழே நெருப்பும் கொதிக்கும் எண்ணெயும் இருக்க, மேலே தொங்கும் உறியில் கத்திகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தக் கணமே பாட வேண்டும். தடுமாறினால் உயிர் போகும். வருணனையில் மிகை இருக்கலாம். கேள்விகள் மட்டும் அசல் புதிர்கள். ஓர் ஈ மொய்த்ததும் மலை குலுங்கியதாகப் பாட முடியுமா என்று கேட்டார்கள். உலகமெல்லாம் கண்ணனுக்குள் அடக்கம் என்பதைப் பிடித்துக்கொண்டார் காளமேகம். ஆயர்குலத்தாய் மத்தால் அடித்த புண்ணில் ஈ மொய்க்க, கண்ணன் துடித்தான். மேருமலை, கடல், பூமி எல்லாமே ஆடின.

வென்ற பிறகும் அந்த அவை அவரை மதிக்கவில்லை. ஊர் மண்மாரியில் மூழ்கட்டும் என்று சபித்துவிட்டுப் புறப்பட்டதாகக் கதை முடிகிறது. திருவானைக்கா உலாவும், தனிப்பாடல் திரட்டில் உள்ள அவர் பாடல்களும் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

இன்றிரவு வீட்டில் போட்டுப் பார்க்க அவருடைய புதிர் ஒன்று: பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் என்ன ஒற்றுமை? இரண்டுக்கும் தோல் உரியும். இரண்டிலும் நஞ்சு உண்டு, நன்றாக நைந்த பழத்தைப் பாட்டி எப்படிச் சொல்வார் என்று யோசியுங்கள். சிவன் தலைக்கும் பல்லுக்கும் உள்ள தொடர்பை நீங்களே கண்டுபிடியுங்கள்.