சிறுவாணி கேட்டவருக்குக் குடிக்கக் கொடுத்து வைக்கலே!

கோவைக்காரர் வெளியூர் போனால் முதலில் ஏங்குவது சிறுவாணி தண்ணிக்குத்தான். அந்தத் தண்ணிக்கு அந்தக் காலத்திலேயே குரல் கொடுத்தவர், நகரசபை உறுப்பினராக இருந்த சே.ப.நரசிம்மலு நாயுடு.

1854-ல் பிறந்தவர். சேலத்தில் இருந்து வந்து, 'கோயமுத்தூர் கலாநிதி' பத்திரிகை நடத்தினார். புத்தகங்களும் எழுதிக் குவித்தார்.

கோவையில் அப்போது குடிதண்ணீருக்குத் திண்டாட்டம். மலைத் தண்ணீரை ஊருக்குக் கொண்டு வரலாம் என்று 1889-ல் நாயுடு யோசனை சொன்னார். காரியம் வருஷக்கணக்கில் இழுத்தது. 1922-ல் அவர் கண்ணை மூடினார். தண்ணீர் வந்தது அதற்கும் பிறகுதான்!

டவுன்ஹாலில் 1892-ல் விக்டோரியா மண்டபம் எழும்ப முன்னின்றவரும் அவரே. மாநகராட்சி மாமன்றம் கூடுவது அங்கேதான். குடிநீர்ப் பிரச்சினைக்கு கவுன்சிலர்கள் குரல் எழுப்புவதும் அதே மண்டபத்தில்தான்.

கேட்டவர் ஒருத்தர். குடிப்பது ஊரே!